ரேடியோ மண்டபத்து ஞாயிறுகள்

திருவள்ளூர் நகராட்சிப் பூங்காவில் இருக்கும் எட்டுப்பட்டை மண்டபத்துக்குப் போன மாதம் வெள்ளையடித்து, பக்கத்தில் ஒரு பலகையும் நட்டிருக்கிறார்கள். இசைக்குழுவினர் அமர்ந்து வாசிப்பதற்காகக் கட்டப்பட்டது, பின்னர் பொதுமக்கள் வானொலி கேட்கப் பயன்பட்டது, தற்போது புதுப்பிக்கப்பட்டுள்ளது என்று மூன்றே வரிகள். ரயிலுக்கு நேரமிருந்ததால் உள்ளே போய் நின்று படித்தேன். மூன்று வரியிலும் தவறில்லை. ஆனாலும் படித்து முடித்ததும் யாரோ என்னை ஏமாற்றிவிட்டதுபோல இருந்தது. அந்த மண்டபத்துக்கு வேறு சில வரலாறுகளும் எனக்குத் தெரியும். அவற்றைச் சொன்னவர் என் அப்பா. நான் அவரை நைனா என்றுதான் கூப்பிடுவேன்.

நைனா எளாவூர்க்காரர். ஆந்திர எல்லையை ஒட்டிய ஊர் என்பதால் அங்கே பாதி வீடுகளில் அப்பா, நைனாதான். அம்மா திருவள்ளூர்க்காரி. நாங்கள் மூன்று பேரும் கும்மிடிப்பூண்டியில் வாடகை வீட்டில் இருந்தோம். அங்கே ஓர் இரும்பு ஆலையில் நைனா எடைமேடை பார்த்துக்கொண்டிருந்தார். லாரி ஏறி நின்றதும் எடையைக் குறித்துச் சீட்டுக் கொடுக்கிற வேலை. எனக்கு ஏழு வயதாக இருக்கும்போது அந்த ஆலையை மூடிவிட்டார்கள். நைனா அதை வீட்டில் சொல்லவில்லை.

தினமும் காலையில் கேரியரை எடுத்துக்கொண்டு கிளம்பிப் போனார். அம்மா கருவாட்டுக் குழம்பு கட்டிக் கொடுத்த நாளில் கேரியர் வழித்துத் துடைத்ததுபோலத் திரும்பி வரும். ஆலை கணக்கு முடித்துக் கொடுத்த தொகையிலிருந்து மாதாமாதம் சம்பளம் என்று அம்மாவிடம் கொடுத்தார். பகல் முழுக்க எளாவூர் சோதனைச்சாவடிப் பக்கம் உட்கார்ந்து, கல்கத்தா ரோட்டில் நிற்கிற லாரிகளைப் பார்த்துக்கொண்டிருந்தாராம். சாயங்காலம் வீட்டுக்கு வந்து அன்றைக்கு ஆலையில் நடந்ததைச் சொல்வார். தலைக்கவசத்தைக் கழற்றாமலே தூங்குகிற ஃபோர்மேன், கோபம் வந்தால் தெலுங்கில் மட்டுமே திட்டுகிற கேண்டீன்காரர், தினமும் எடைமேடையில் ஏறி நின்று, சீட்டுக் கிழித்துக் கொடுத்தால்தான் இறங்குகிற நாய். அம்மா சிரிப்பாள். அந்த நாயைப் பற்றிக் கேட்டுச் சிரித்துச் சிரித்து ஒருநாள் அடுப்பில் பால் பொங்கிப்போனதுகூட எனக்கு நினைவிருக்கிறது.

ஏழு மாதம் கழித்து ரேஷன் கடை வரிசையில் ஒரு பெண் அம்மாவிடம், "அந்தக் கம்பெனிய மூடி ஏழு மாசம் ஆவுதே, உங்க ஊட்டுக்காரர் இப்ப எங்க போறாரு?" என்று கேட்டாள்.

அம்மா வேலை போனதற்காகச் சண்டை போடவில்லை. அன்று சாயங்காலம் நைனா வந்து கேரியரை வைத்ததும், "நாய் இன்னிக்கு வந்துச்சா?" என்று மட்டும் கேட்டாள். நைனா முதலில் சிரித்தார். அம்மாவின் முகத்தைப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டார். பிறகு அவர் என்னென்னவோ சொன்னார். அம்மா திரும்பத் திரும்பச் சொன்னது ஒன்றுதான். "நான் சிரிச்சேனே. ஏழு மாசமா உக்காந்து சிரிச்சேனே."

அந்த வாரமே அம்மா என்னைக் கூட்டிக்கொண்டு திருவள்ளூரில் மாமா வீட்டுக்கு வந்துவிட்டாள். மாமா அம்மாவின் அண்ணன். கோர்ட்டில் ஒரு வக்கீலிடம் குமாஸ்தாவாக இருந்தார். தங்கைக்குச் செய்யக்கூடிய பெரிய உதவி ஒரு வழக்கை நல்லபடியாக நடத்திக் கொடுப்பதுதான் என்று அவர் மனதார நம்பினார். அம்மா கோர்ட்டுக்கு எதிரே ஒரு ஜெராக்ஸ் கடையில் வேலைக்குச் சேர்ந்தாள். இரண்டு பேரும் சம்மதித்துக் கையெழுத்துப் போட்டால் சுலபமாக முடிந்துவிடும் என்று மாமா காகிதங்களைத் தயார் செய்து வைத்திருந்தார். அம்மா இன்றைக்கு மெஷின் ரிப்பேர், நாளைக்குக் கூட்டம், அடுத்த வாரம் பார்க்கலாம் என்று தள்ளிக்கொண்டே போனாள். ஜெராக்ஸ் கடையில் அவ்வளவு வேலை இருக்கிறதாக்கும் என்று நான் நினைத்துக்கொண்டேன்.

அதற்கு நடுவில்தான், நைனா போட்ட மனுவின் பேரில், அவர் என்னைப் பார்க்க நீதிமன்றம் ஏற்பாடு செய்தது. ஞாயிறுதோறும் மூன்று மணி முதல் ஐந்து மணி வரை, ஒரு பொது இடத்தில். வீட்டுக்கு வரக்கூடாது, ஊரைவிட்டு வெளியே கூட்டிக்கொண்டு போகக்கூடாது. மாமா பூங்காவைத் தேர்ந்தெடுத்தார். வீட்டிலிருந்து நடக்கிற தூரம்.

முதல் ஞாயிறு எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. அம்மா வாசல் கேட்டோடு நின்றுவிட்டாள். நைனா மண்டபப் படிக்கட்டில் உட்கார்ந்திருந்தார். தேய்த்த சட்டை போட்டிருந்தார். கும்மிடிப்பூண்டியில் மின்ரயில் ஏறி, பேசின்பிரிட்ஜில் இறங்கி, திருவள்ளூர் வண்டிக்கு மாறி வந்திருந்தார். கையில் ஒரு பொட்டலம் வேர்க்கடலை. என்னைப் பார்த்ததும் எழுந்து நின்றார், யாரோ பெரிய மனிதர் வருவதுபோல.

"சாப்ட்டியா கண்ணு?"

"ம்."

"ஸ்கூலு நல்லாக்கீதா?"

"ம்."

அவ்வளவுதான். இரண்டு மணி நேரத்தில் இரண்டு நிமிடம் தீர்ந்திருந்தது. ஒரே வீட்டில் இருந்தபோது பேசுவதற்கென்று நாங்கள் உட்கார்ந்ததே இல்லை. நான் வேர்க்கடலையை ஒவ்வொன்றாக உரித்துத் தின்றேன். நைனா தொலியை எடுத்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். கடலை தீர்ந்ததும் நான் அண்ணாந்து கூரையைப் பார்த்தேன்.

தரையிலிருந்து என் மார்பளவு உயரத்தில் மேடை. அதன்மேல் எட்டு இரும்புத் தூண்கள். ஒவ்வொரு தூணின் தலையிலும் தாமரை மொட்டுபோல ஒரு வார்ப்பு. மேலே கூம்பாக ஓட்டுக் கூரை. உள்ளே நின்று பார்த்தால் மரச்சட்டங்கள் எல்லாத் திசையிலிருந்தும் ஓடி வந்து, விரித்த குடையின் கம்பிகள்போல, நடுவில் ஒரு மர உருண்டையில் கூடும். சிவப்புச் சிமெண்டுத் தரை மழுமழுவென்று குளிர்ந்திருக்கும். எட்டுப் பக்கத்தில் ஏழு பக்கம் திறந்தவெளி. மேற்குப் பக்கம் மட்டும் இரண்டு தூண்களுக்கு நடுவே செங்கல் வைத்து ஓர் அறை கட்டி, பச்சைக் கதவு போட்டுப் பூட்டியிருந்தது. கூரையின் உச்சியில் நான்கு திசைக்கும் நீட்டிக்கொண்டு நான்கு துருப்பிடித்த இரும்புக் கைகள்.

"இது இன்னா நைனா?" என்று கேட்டேன்.

நைனா என்னைப் பார்த்தார். பிறகு மண்டபத்தைப் பார்த்தார். அவர் முகத்தில் பழைய வெளிச்சம் ஒன்று வந்தது.

"உனுக்குத் தெர்யாதா? ஒரு ஜமீன்தார் பொண்ணுக்காவக் கட்னது" என்றார்.

அந்தப் பெண்ணுக்கு இடி என்றால் பயம். இடி எப்போதும் மூலையில்தான் வந்து ஒளிந்துகொள்கிறது என்று அவளுக்கு யாரோ சொல்லிவிட்டார்கள். நான்கு மூலை உள்ள எந்த வீட்டிலும் அவள் தூங்கமாட்டாள். அதனால் ஜமீன்தார் எட்டு மூலை வைத்து ஒரு மண்டபம் கட்டினார். எந்த மூலையில் ஒளிவது என்று குழம்பியே இடி போய்விடும். அன்று ஐந்து மணி ஆனதே எனக்குத் தெரியவில்லை. கேட்டுக்கு நடக்கும்போது, "எப்ப நைனா ஊட்டுக்கு வருவே?" என்று கேட்டேன். "சீக்கிரமா வரேன் கண்ணு" என்றார்.

அடுத்த ஞாயிறு பூட்டிய அறைக்குக் கதை வந்தது. பழவேற்காட்டில் கப்பலோடு வந்து இறங்கிய ஒரு மாலுமி, கடலுக்கு அடியில் இருக்கும்போதும் மணி காட்டுகிற கடிகாரம் ஒன்றை அதற்குள் வைத்துப் பூட்டிவிட்டுப் போயிருக்கிறான். அவன் திரும்பி வரும்வரை யாரும் திறக்கக்கூடாது. கதவில் காதை வைத்தால் கேட்கும் என்றார். வைத்தேன். கேட்டது. அதற்கடுத்த வாரம் இரும்புக் கைகள். நான்கு திசை ராஜாக்களும் சமாதானமாகிக் கொடிகளைக் கட்டிய இடம். ஒரு கொடி மட்டும் காற்றில் பிய்த்துக்கொண்டு போய்த் திருவாலங்காட்டுக் கோயில் குளத்தில் விழுந்தது.

கதை மட்டும் என்று சொல்லிவிட முடியாது. எடைமேடையில் வேலை பார்த்தவருக்கு எதையும் அளக்காமல் இருக்க முடியாது. ஒருநாள் இஞ்சு டேப் கொண்டுவந்தார். ஒரு முனையை நான் பிடித்துக்கொள்ள, தூணுக்குத் தூண் அளந்தோம். ஏழு பக்கம் ஒன்பதே கால் அடி, ஒன்று மட்டும் ஒன்பது. வடகிழக்குத் தூணின் தாமரை மொட்டுத் தலைகீழாகக் கவிழ்ந்திருப்பதை முதலில் கண்டுபிடித்தவள் நான். நைனா என்னைத் தூக்கி அதைத் தொட வைத்தார். "கொத்தனாரு அன்னிக்குப் பொண்டாட்டிகூடச் சண்டை போட்டுக்கினு வந்துட்டாரு, அதான்" என்றார். சொல்லிவிட்டு டேப்பைச் சுருட்டிப் பையில் போட்டார். பிறகு கூரைக்கு நேர் நடுவில் நின்று கைதட்டச் சொன்னார். தட்டினால் மேலேயிருந்து யாரோ திருப்பித் தட்டுவார்கள். அது பொய்யில்லை, இன்றைக்கும் தட்டிப் பார்க்கலாம்.

நான் வாரத்தில் ஆறு நாட்களை அந்த இரண்டு மணி நேரத்துக்காகக் கடத்திக்கொண்டிருந்தேன். சனிக்கிழமை சாயங்காலமே பாவாடையை மடித்துத் தலையணைக்கு அடியில் வைத்துக்கொள்வேன். திரும்பி வரும்போது அம்மா ஒரே கேள்விதான் கேட்பாள். "இன்னா சொன்னான் அந்த ஆளு?" நான் "ஒண்ணும் சொல்லல" என்பேன். அந்தக் கதைகள் எனக்கும் நைனாவுக்கும் மட்டும் சொந்தமானவை என்று எனக்குத் தோன்றியிருந்தது.

இப்படி நாலைந்து மாதம் போனது. நான்காம் வகுப்பில் எங்கள் டீச்சர், நம் ஊரில் உள்ள பழைய கட்டடம் ஒன்றைப் பற்றி எழுதி வந்து வகுப்பில் படிக்க வேண்டும் என்றார். மற்றப் பிள்ளைகள் கோயில் கோபுரத்தையும் ரயில் நிலையத்தையும் எழுதினார்கள். நான் ஆறு பக்கம் எழுதினேன். வரைபடம் போட்டு, எட்டுப் பக்கத்துக்கும் அளவு குறித்து, ஜமீன்தார் மகளையும் மாலுமியையும் நான்கு ராஜாக்களையும் அழகான கையெழுத்தில் எழுதிக்கொண்டு போனேன். எழுந்து நின்று படித்தபோது வகுப்பு வாயைப் பிளந்து கேட்டது. டீச்சர் பாதியிலேயே புன்னகைக்க ஆரம்பித்துவிட்டார்.

"ஏம்மா, அது ரேடியோ மண்டபம்" என்றார். "நான் இந்த ஊர்லயே பொறந்து வளந்தவ. எங்கப்பா என்னைத் தோள்ல தூக்கிக்கினு போவாரு, அங்க நியூஸ் கேக்க. மேல இருந்த கம்பில ஒலிபெருக்கி கட்டியிருக்கும். அந்த ரூம்லதான் ரேடியோப் பெட்டி. உனக்கு யாரு இதெல்லாம் சொன்னது?"

"எங்க நைனா."

வகுப்பு சிரித்தது. அந்தச் சொல்லுக்குச் சிரித்ததா, பொய்க்குச் சிரித்ததா தெரியவில்லை. டீச்சர் நல்லவர். அளவுகளும் படமும் மிக நன்றாக இருக்கின்றன என்று எல்லோரையும் கைதட்டச் சொன்னார். அந்தக் கைதட்டல் எனக்கு இன்னும் மோசமாக இருந்தது. அழுதுகொண்டே வீட்டுக்கு வந்து அம்மாவிடம் எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். அம்மா என் ஆறு பக்கத்தையும் நின்றுகொண்டே படித்தாள். மெதுவாகப் படித்தாள். பிறகு, "உன்கிட்டயும் ஆரம்பிச்சுட்டானா" என்றாள். அவள் குரலில் நான் எதிர்பார்த்த கோபம் இல்லை. ஆனால் அந்த வாக்கியம் எனக்குப் போதுமானதாக இருந்தது. ஏமாற்றப்பட்டவர்களின் கட்சியில் அம்மாவோடு நானும் சேர்ந்துவிட்டேன்.

அடுத்த ஞாயிறு நான் படியேறி உட்காரவில்லை. நின்றுகொண்டே கேட்டேன்.

"இது ரேடியோ மண்டபமா இல்லியா?"

நைனா வேர்க்கடலைப் பொட்டலத்தைப் பக்கத்தில் வைத்தார். "யாரு சொன்னாங்க?"

"டீச்சரு. எல்லாரும் சிரிச்சாங்க. நீ பொய் சொல்றே. அம்மாகிட்டயும் பொய் சொன்னே, என்கிட்டயும் பொய் சொல்றே."

ஒரு குழந்தை சறுக்குமரத்தில் ஏறி, இறங்கி, மறுபடியும் ஏறியது. நான் அவர் கையை எடுத்து என் தலைமேல் வைத்தேன். "இனிமே பொய்யே சொல்லமாட்டேன்னு சத்தியம் பண்ணு."

"பண்றேன் கண்ணு" என்றார். அவர் உள்ளங்கை என் தலையை முழுக்க மூடியிருந்தது.

நைனா சத்தியத்தைக் காப்பாற்றினார். அப்போது அவர் வேறொரு கம்பெனியில் சேர்ந்திருந்தார். அங்கே ஒருநாள் லீவு போட்டுவிட்டுத் திருவள்ளூர் வந்து, நகராட்சி அலுவலகத்தில் யார் யாரையோ பிடித்து, பழைய ஆட்களைத் தேடிப்போய்க் கேட்டு, கோடு போட்ட தாளில் நான்கு பக்கம் எழுதிக்கொண்டு வந்தார். மண்டபத்தில் உட்கார்ந்து கண்ணாடியை மாட்டிக்கொண்டு, வகுப்பில் நான் படித்ததுபோலவே படித்துக் காட்டினார்.

பூங்கா இருப்பது பழைய ஏரிக்கரை, மண் இளகல் என்பதால் அஸ்திவாரத்தை ஆழமாகத் தோண்டியிருக்கிறார்கள். முதலில் குவிமாடம் வைக்கத்தான் திட்டம், செலவு தாங்காமல் ஓட்டுக் கூரையாகிவிட்டது. எட்டுப்பட்டையாகக் கட்டியது, பேண்டு வாசிப்பவர்களைச் சுற்றி எல்லாப் பக்கமும் ஆட்கள் நின்று கேட்பதற்காக. பேண்டு நின்றுபோன பிறகு ரேடியோ வந்தது. நகராட்சி ஆள் ஒருவர் சாயங்காலம் வந்து போடுவார், செய்தி முடிந்ததும் அணைத்துப் பூட்டிக்கொண்டு போவார். வீட்டுக்கு வீடு ரேடியோ வந்ததும் கேட்க ஆளில்லை. அவருக்குப் பிறகு அந்த வேலைக்கு ஆள் போடவில்லை. ஒரு பக்கம் மட்டும் ஒன்பது அடி இருப்பது ஏன் என்று யாருக்கும் தெரியவில்லை. "இது எனுக்கும் தெர்ல" என்று அதையும் படித்தார்.

பிறகு தோட்டக்காரரிடம் கேட்டு அந்தப் பச்சைக் கதவையும் திறக்க வைத்தார். உள்ளே தென்னந்துடைப்பங்களும் சுருட்டிய ரப்பர் குழாயும் குழந்தைகள் ஏறி ஆடுகிற உடைந்த சீசாப் பலகை ஒன்றும் இருந்தன. சுவரில் ரேடியோப் பெட்டி இருந்த இடத்தில் சதுரமாகக் கொஞ்சம் வெளுத்திருந்தது. தோட்டக்காரர் "அவ்ளோதான் பாப்பா" என்று கதவைச் சாத்தினார்.

அதற்குப் பிறகு ஞாயிற்றுக்கிழமைகள் நீண்டுவிட்டன. நைனா வந்தார், கடலை வாங்கி வந்தார், நான் கேட்டதற்கு மட்டும் உண்மையைச் சொன்னார். இன்றைக்கு ரயிலில் கூட்டம். காலையில் இட்லி. கம்பெனியில் விசேஷம் ஒன்றுமில்லை. ஒருமுறை, அந்த நாய் நிஜமாகவே இருந்ததா என்று கேட்டேன். "இருந்துச்சு. ஆனா எடை மேல ஏறாது" என்றார். நாலரை மணிக்கே இரண்டு பேரும் கேட்டைப் பார்க்க ஆரம்பித்துவிடுவோம். ஆனாலும் எனக்குள் ஒரு கணக்கு ஓடிக்கொண்டிருந்தது. இனி நைனா எது சொன்னாலும் அது உண்மை. அப்படியென்றால் அந்த ஒரு கேள்வியை இப்போது கேட்டுவிட வேண்டும். முன்பு "சீக்கிரமா வரேன்" என்றதை நம்பலாமா கூடாதா என்ற சந்தேகம் இருந்தது. இப்போது சொன்னால் அப்படியே நடந்துவிடும்.

மார்கழி பாதியில் ஒரு ஞாயிறு. பனி சீக்கிரமே இறங்கியிருந்தது. நைனா என் காதைச் சுற்றித் தன் கைக்குட்டையைக் கட்டிவிட்டார். நான் தைரியத்தை வரவழைத்துக்கொண்டு கேட்டேன்.

"நைனா, எப்ப ஊட்டுக்கு வருவே?"

அவர் கைக்குட்டை முடிச்சைச் சரிசெய்வதுபோல என் தாடையருகே விரல்களை வைத்துக்கொண்டிருந்தார்.

"வரமாட்டேன் கண்ணு."

"ஏன்?"

"உங்கம்மா கூப்புடமாட்டா. அவ கூப்புடாம நான் வந்து நிக்கமாட்டேன்."

"நீ சீக்கிரமா வரேன்னு சொன்னியே?"

"அது பொய்."

நான் அழுதேன். நைனா என்னைப் பிடித்துப் பக்கத்தில் இழுத்துக்கொண்டார். அவர் சட்டையில் இரும்பு வாசனை இல்லை, புதிதாக ஏதோ பிளாஸ்டிக் வாசனை. அழுகைக்கு நடுவில், "ஒரே ஒரு பொய் சொல்லு நைனா. இன்னிக்கு மட்டும்" என்று கேட்டேன். நைனா வாயைத் திறந்தார். ஏதோ சொல்லப்போகிறார் என்று அவர் முகத்தையே பார்த்தேன்.

"உன் தலைல கை வெச்சுச் சத்தியம் பண்ணிட்டேனே" என்றார்.

ஐந்து மணிக்கு அம்மா கேட்டில் நின்றிருந்தாள். நான் முகத்தைக் கைக்குட்டையில் துடைத்துக்கொண்டு போனேன். கோர்ட்டுத் தெரு முனையில் அம்மா வழக்கமான கேள்வியைக் கேட்டாள்.

"இன்னா சொன்னான் அந்த ஆளு?"

எப்படி என் வாயில் வந்தது என்று தெரியவில்லை. "ஊட்டுக்கு வரேன்னு சொன்னாரு" என்றேன்.

நைனா சொல்ல மறுத்த பொய்யை நானே சொல்லிக்கொண்டேன், அவ்வளவுதான். அம்மா திட்டுவாள், "பொய்" என்பாள் என்று காத்திருந்தேன். அவள் நடந்துகொண்டே இருந்தாள். ஞாயிற்றுக்கிழமை என்பதால் ஜெராக்ஸ் கடைகளெல்லாம் மூடியிருந்தன. பூக்காரி கூடைக்கு முன்னால் நின்றாள், வாங்கவில்லை, மறுபடி நடந்தாள். வீட்டுத் தெருவுக்குள் திரும்பும்போது, என்னைப் பார்க்காமல், செருப்பு வாரைச் சரிசெய்யக் குனிந்தபடி கேட்டாள்.

"எப்பன்னு சொன்னாரா?"

"பொங்கலுக்கு" என்றேன்.

அன்று வரை அம்மா நைனாவை "சொன்னான்" என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தாள். இது எனக்கு எத்தனையோ வருஷம் கழித்து, ஏதோ ஒரு பஸ்ஸில் உட்கார்ந்திருந்தபோது சட்டென்று உறைத்தது. அந்த நிமிடத்தில் எனக்கிருந்த கவலையெல்லாம் என் பொய் பிடிபட்டுவிடுமோ என்பதுதான். பொங்கலுக்கு முன்னால் வந்த ஞாயிற்றுக்கிழமைகளில் வயிற்றுவலி என்று சுருண்டு படுத்துக்கொண்டேன். நைனாவைப் பார்த்தால் சொல்லிவிடுவேன், அவர் இனிமேல் உண்மை மட்டும் பேசுகிறவர், அம்மாவிடம் போட்டு உடைத்துவிடுவார் என்று பயம். குழந்தைக்கே போக இஷ்டமில்லை என்பதைக் கோர்ட்டில் சொல்லலாம் என்று மாமா குறித்துக்கொண்டார். நைனா அந்த மண்டபத்தில் எத்தனை மணி வரைக்கும் உட்கார்ந்திருந்தார் என்று நான் கேட்டதில்லை. அவரும் சொன்னதில்லை.

தை மாதக் கடைசியில் அம்மா காகிதங்களில் கையெழுத்துப் போட்டாள். மெஷின் ரிப்பேர் என்று அந்தத் தடவை சொல்லவில்லை. மாமா காகிதத்தை நீட்டினார், போட்டாள். நைனாவும் போட்டார். அம்மா விரும்பியதைத் தடுக்கக்கூடாது என்று போட்டதாகப் பின்னாளில் என்னிடம் சொன்னார். இப்போது அவர் எளாவூரில் தனியாக இருக்கிறார். மாதம் ஒருமுறை போய்ப் பார்க்கிறேன். சாப்பிட்டாயா என்று கேட்பார், வெயிலைப் பற்றிச் சொல்வார். என் மகளுக்கு ஒரு கதை சொல்லுங்கள் என்றால், "எனுக்குக் கதையெல்லாம் தெர்யாதும்மா" என்கிறார். அம்மா என்னோடுதான் இருக்கிறாள். அந்த ஆறு பக்கக் கட்டுரை அவள் பெட்டியில் புடவைகளுக்கு அடியில் இருப்பதைப் போன வருஷம்தான் பார்த்தேன். எடுத்த இடத்திலேயே வைத்துவிட்டேன். கோர்ட்டுத் தெருவில் நான் சொன்னது பொய் என்று இரண்டு பேரிடமும் இன்னும் சொல்லவில்லை. ஒவ்வொரு முறையும் சொல்லத்தான் போகிறேன்.

அந்தப் பொங்கலை மட்டும் அடிக்கடி நினைத்துக்கொள்கிறேன். போகியன்று அம்மா எங்கள் அறையின் ஜன்னல் கம்பிகளைக்கூடத் துடைத்தாள். பொங்கலன்று காலையிலேயே குளித்து, மாமா எடுத்துக் கொடுத்த அரக்குப் புடவையைக் கட்டிக்கொண்டாள். தெருவில் ஆட்டோ சத்தம் கேட்கும்போதெல்லாம் அவள் கை வேலையில் நின்று நின்று ஓடியது. மறுநாளும் அப்படியே. காணும் பொங்கலன்று கடைத்தெருவுக்குப் போய் நெத்திலிக் கருவாடு வாங்கி வந்தாள். கத்திரிக்காயும் மாங்காயும் போட்டுப் பெரிய சட்டியில் குழம்பு வைத்தாள். மாமா வாசனையே ஆகாது என்று மூக்கைப் பொத்திக்கொண்டு வெளியே போய்விட்டார். எனக்கும் கருவாடு பிடிக்காது. நான் தயிர் ஊற்றிச் சாப்பிட்டுவிட்டு விளையாடப் போனேன்.

விளக்கு வைக்கிற நேரத்துக்கு நான் திரும்பி வந்தபோது, அம்மா அந்தச் சட்டியை அப்படியே மூடி எடுத்துக்கொண்டு எதிர்வீட்டு வாசலில் நின்றிருந்தாள். குழம்பில் கரண்டி பட்டிருக்கவில்லை.

"ஏங்க்கா, இவ்ளோத்தையும் குடுத்தா உங்களுக்கு?" என்று எதிர்வீட்டு அக்கா கேட்டாள்.

"எங்க ஊட்ல யாரும் துண்றதில்ல" என்றாள் அம்மா.

பிறகு எதற்காகச் செய்தாள் என்று நான் கொஞ்ச நேரம் யோசித்தேன். பண்டிகையென்றால் எல்லாவற்றையும் கொஞ்சம் கூடுதலாகத்தான் செய்வார்கள் என்று தோன்றியது. மறுபடியும் விளையாடப் போய்விட்டேன்.